உளநோயும் அதற்கு நாம் இடும் பெயர்களும்

மனிதன் தன்னைச் சூழ்ந்த பொருள்களை ஆராயத் தொடங்கி நெடுங்காலம் சென்ற பின்னரே, ஆராயும் கருவியாகிய தன் உள்ளத்தை ஆராயத் தலைப்பட்டான். வானநூலும் கணிதமும் பல்லாயிரம் ஆண்டு வரலாறு உடையன. உளநூலோ, ஆய்வுகூடத்தில் வைத்துப் பயிலப்படும் ஒரு தனித்துறையாக, 1879 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே வில்கெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் தமது ஆய்வுகூடத்தை நிறுவிய காலந்தொட்டே கணிக்கப்படுகின்றது. ஒன்றரை நூற்றாண்டு நிறையாத இத்துறையிலே, நலமுற்ற உள்ளத்தின் இயல்பைக் கூறும் பகுதியைக் காட்டிலும் நோயுற்ற உள்ளத்தைக் கூறும் பகுதியே கற்போரின் கருத்தைப் பெரிதும் கவர்கின்றது. அப்பகுதியைப் பயிலும் மாணவர்களாகிய எமக்குத் தோன்றிய சில எண்ணங்களை இவ்விழா மலரிலே பழைய மாணவர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைக்க விழைகின்றோம்.

இத்துறையில் அடியெடுத்து வைப்பவனை முதலில் எதிர்கொள்வன பெயர்களே. உளச்சோர்வு, பதகளிப்பு, எண்ணச் சுழற்சி, இருமுனைக் கோளாறு, உளப்பிளவை என்றிவ்வாறு பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் அறிகுறிகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும். அவற்றை வாசிக்கும் மாணவன் முதலாவதாகச் செய்வது அவ்வறிகுறிகளைத் தன்னிடமே தேடுவதுதான். பரீட்சைக்கு முதல்நாள் உறக்கம் வராவிடின் அஃது ஒரு நோய். நண்பர் இருவர் தன்னைப் பார்த்துச் சிரித்தனர் என்று எண்ணினால் அஃது இன்னொரு நோய். இந்நிலை மேனாட்டார்க்கும் நன்கு தெரிந்ததொன்று. மருத்துவ மாணவர் நோய் என்றே அவர்கள் இதற்குப் பெயரிட்டுள்ளனர்! தன்னிடம் தேடி ஓய்ந்தபின் மாணவன் பிறரிடம் தேடத் தொடங்குகின்றான். இரவிலே கதவுத் தாழ்ப்பாளை மும்முறை சரிபார்க்கும் பாட்டியார்க்கும், வகுப்பிலே இன்று சிரித்து நாளை சினக்கும் ஆசிரியர்க்கும் தக்க பெயர்கள் அவன் கைவசம் உண்டு. (ஆசிரியர்கள் பொறுப்பார்களாக.)

ஆயின் நூல்கள் கூறுவது அதுவன்று. துயரம், அச்சம், ஐயம், மறதி ஆகிய இவை எல்லா மனிதர்க்கும் உரியன. அவை நோயாவது எப்பொழுதெனின், நெடுநாள் நீடித்து, ஒருவனுடைய ஊணையும் உறக்கத்தையும் தொழிலையும் சுற்றத்தோடுள்ள உறவையும் குலைக்கும்பொழுதேயாம். உளச்சோர்வு நோய் என்று துணிவதற்குக்கூட, ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் தாழ்ந்திருத்தலோ, முன்பு விரும்பியவற்றில் விருப்பற்றுப் போதலோ, வேறு அறிகுறிகள் சிலவற்றோடு கூடி, இரண்டு வாரமாயினும் தொடர்ந்திருத்தல் வேண்டும். மாமன் இறந்தமைக்காக மூன்று நாள் உண்ணாதிருப்பவன் நோயாளி அல்லன்.

நமது பழைய தத்துவ நூல்களைப் பயின்றோர்க்கு இவ்விடத்திலே ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. சைவ சித்தாந்தம் உள்ளத்தை ஒன்றாகக் கூறாது, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அந்தக்கரணம் நான்காக வகுத்துரைக்கின்றது. இந்நான்கும் ஆன்மாவுக்குக் கருவிகளேயன்றி ஆன்மா ஆகா. புரொய்ட்டும் உள்ளத்தை மூன்றாகப் பகுத்தார். ஆதலின் அவர் கூறியதை எம்முன்னோர் முன்னரே கூறிவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அம்முழக்கத்தை நாம் ஏற்கமாட்டோம். வீடுபேற்றை நோக்கி வகுத்த பாகுபாடு வேறு, நோய் நீக்கத்தை நோக்கி வகுத்த பாகுபாடு வேறு. எனினும், கருவி பழுதுற்றபோது அதனை உடையவன் பழுதுற்றான் ஆகான் என்னும் அக்கொள்கையிலே நோயாளியை நோக்கும் முறை ஒன்று அடங்கியிருக்கின்றது. சைவர்களாகிய நாம் அதனை மேடையிற் கூறும் அளவுக்கு வீட்டிற் கைக்கொள்கின்றோமா என்பதே ஐயம்.

நோய்களுள் இரண்டினைச் சிறிது விரித்துரைப்போம்.

உளப்பிளவை எனவும் உளச்சிதைவு எனவும் தமிழில் வழங்கும் நோய்க்கு மேனாட்டுப் பெயரை இட்டவர் சுவிற்சர்லாந்து வைத்தியராகிய புளொய்லர். 1908 ஆம் ஆண்டில் அவர் இட்ட பெயர் இன்றும் நிலவுகின்றது. 'பிளவு' என்றமையால், ஒருவனுள் இரண்டு ஆட்கள் வாழ்வதே இந்நோய் என்று திரைப்படம் பார்ப்போர் எண்ணுகின்றனர். அது முற்றிலும் தவறு. சிந்தனை, உணர்ச்சி, புலனுணர்வு ஆகியன தம்முள் இயைபு கெட்டுப் பிரிந்து இயங்குதலையே புளொய்லர் பிளவு என்றார். நோயுற்றவன் பிறர்க்குக் கேளாத குரல்களைக் கேட்பான். அயலார் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்றும், வானொலியிலே தனக்கே செய்தி சொல்லப்படுகின்றது என்றும் உறுதியாக நம்புவான். குளித்தலையும் கூடியுண்ணலையும் கைவிடுவான். அக்குரல்கள் அவனுக்குக் கற்பனையல்ல. நாம் ஒருவர் பேச ஒருவர் கேட்பது எத்துணை உண்மையோ அத்துணை உண்மையாகவே அவன் அவற்றைக் கேட்கின்றான். ஆதலின் 'அப்படி ஒன்றுமில்லை, வீண் நினைப்பு' என்று அவனோடு வாதாடுவதாற் பயனில்லை.

இந்நோய் பெரும்பாலும் தொடங்கும் பருவம் எதுவெனின், பதினேழு பதினெட்டு வயதிலிருந்து முப்பது வரையுள்ள பருவமே. அஃதாவது, கல்லூரியின் இறுதி வகுப்புக்களும் அதனை விட்டு நீங்கிய முதற் சில ஆண்டுகளுமாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகிலே வளர்ந்தோருள் 222 பேருக்கு ஒருவர் இந்நோயுடையர். 1,500 மாணவர் பயின்ற ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வளர்ந்தபின் அவர்களுள் ஆறேழு பேரேனும் இந்நோயை அறிந்திருப்பர் என்பது வெறும் வகுத்தற் கணக்கு. பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிலே ஒவ்வோர் ஆண்டுப் படத்தையும் எடுத்து, 'இவர் இன்ன இடத்தில் பொறியியலாளர், இவர் இலண்டனில் வைத்தியர்' என்று விரல் வைத்துக் கூறுவர். சில முகங்களின்மீது விரல் நில்லாது கடந்து செல்லும். கெட்டிக்காரனாய் இருந்தான், பிறகு ஒருமாதிரி ஆகிவிட்டான் என்று யாரேனும் ஒருவர் தாழ்ந்த குரலிற் கூற, பேச்சு வேறு பக்கம் திரும்பும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாடிவீட்டின் பின்னறையிலே அவர் இன்னும் வாழ்ந்துகொண்டிருத்தல் கூடும். விழா அழைப்பிதழ் அவர்க்கு அனுப்பப்படுகின்றதா என்பதைச் சங்கத்துச் செயலாளர்கள் ஒருமுறை பார்த்தல் நன்று.

மற்றையது உளச்சோர்வு. இதனைக் குறித்து நம் நாட்டிலே எழுந்த வினா ஒன்று உலக அறிஞர் பலரைச் சிந்திக்கச் செய்தது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1985 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே, உலகம் துன்பமயம், எதிலும் நம்பிக்கையில்லை என்று கூறும் ஒருவரை மேனாட்டு வைத்தியர் உளச்சோர்வு நோயாளி என்பர், இலங்கையிலோ அவர் நல்லதொரு பௌத்தராகவே கொள்ளப்படுவார் என்னும் கருத்தை எடுத்துக்காட்டினார். அவ்வினா சைவர்க்கும் உரியது. யாக்கை நிலையாமையும் செல்வம் நிலையாமையும் நமது அறநூல்களில் ஒலிக்கும் பொருள்கள். பட்டினத்தாரைப் போற்றும் சமூகத்திலே, வாழ்வு வெறுத்தேன் என்பவன் ஞானியா நோயாளியா என்பதை எவ்வாறு அறிவது?

எமக்குப் புலப்பட்ட வேறுபாடு இது. துறவியின் உள்ளம் தன்னை விடுத்துப் பிறவற்றின்பாற் செல்கின்றது. சோர்வுற்றவனுடைய உள்ளமோ தன்னையே சுற்றிச் சுற்றிக் குறுகுகின்றது. அவன் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, செய்யாத குற்றத்துக்குத் தன்னை நொந்துகொள்வான். உணவு அவனுக்கு மண்போல் இருக்கும். கடிதம் ஒன்று எழுதத் தொடங்கி ஒரு வரியும் எழுதமாட்டாது அமர்ந்திருப்பான். இதனை வைராக்கியம் என்று வீட்டார் மகிழ்தலும், சோம்பல் என்று வைதலும் ஒருசேரத் தவறாகும்.

இனி, ஊரார் வழங்கும் பெயர்களுக்கு வருவோம். விசர், பைத்தியம், கிறுக்கு, பித்து என நம் மொழியில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. பித்து என்பது வாத பித்த கபம் என்னும் மூன்றனுள் பித்தம் மிகுந்தமையாலாகிய நோயைக் குறித்த மருத்துவச் சொல்லே. தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்து முழுகச் சொல்லும் வழக்கம் அதனால் வந்தது. சிவபெருமானுக்கே பித்தன் என்பது ஒரு திருநாமம். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் பலர் விசரர் என்றே கருதினர். யோகர் சுவாமிகளோ அவரையே குருவாகக் கொண்டார். ஆகவே இச்சொற்களிலே முற்காலத்தில் இழிவு மாத்திரம் இருந்ததென்று கூறவியலாது.

வியப்பு யாதெனின், பிற்காலத்தில் ஊர்ப்பெயர்களே வசைச்சொற்களானமைதான். கொழும்பிலே அங்கொடை, யாழ்ப்பாணத்தவர் வாயில் மந்திகை, சென்னையிலே கீழ்ப்பாக்கம். மக்கள் குடியிருந்து, கடை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஊர்கள் இவை. வைத்தியசாலை ஒன்று அங்கு அமைந்தமையாலே ஊரின் பெயர் மற்றொருவனை இழித்துரைக்கும் சொல்லாயிற்று.

அங்கொடை எவ்வாறு அங்கொடையாயிற்று என்பதை மருதானையில் நின்றே அறியலாம். மருதானையிலிருந்து கிழக்கே பொரளை ஒரு நடைத்தூரம். ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியில் சித்தசுவாதீனம் இழந்தோருக்கெனத் தனி இல்லம் இருந்ததில்லை. ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலையிலும் அவர்கள் அடைக்கப்பட்டனர். 1847 இல் பொரளையிலே அவர்களுக்கெனப் புகலிடம் ஒன்று அமைந்தது. 1873 இல் அவர்களைப் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் திருத்தங்களுடன் நூறாண்டுக்கு மேலாக நம் நாட்டிலே ஆட்சி செலுத்தியது. பொரளை போதாமையால் 1880களிலே கறுவாத்தோட்டத்து ஜாவத்தைப் பகுதியில் பெரிய புகலிடம் எழுந்தது. நகரம் அங்கும் நெருங்கி வளர்ந்தது. செல்வர் மாளிகைகள் சூழ்ந்தன. அதன்பின் 1926 இல், நகரத்தின் எல்லைக்கப்பால், அங்கொடையிலே புதிய வைத்தியசாலை கட்டப்பட்டது. நகரம் ஓரடி முன்வைக்குந்தோறும் நோயாளர் ஈரடி பின்தள்ளப்பட்டனர் என்பதே இவ்வரலாற்றின் சுருக்கம். ஜாவத்தைக் கட்டடம் இன்றும் உள்ளது. பல காலம் அரசாங்க அலுவலகமாய் இருந்தபின், 2014 இல் சுதந்திர சதுக்கத்தருகேயுள்ள அங்காடியாக அது திறக்கப்பட்டது. அங்கே குளிர்பானம் அருந்தி உலாவும் இளைஞருள், அத்தூண்களினிடையே முன்பு உலாவியோர் யாவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

அங்கொடையும் விரைவில் நிரம்பி வழிந்தது. 1937, 1938 ஆம் ஆண்டுகளிலே இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலைத் தலைவர் எட்வர்ட் மாப்பொதர் இங்கு வந்து பார்வையிட்டுக் கடுமையான அறிக்கை ஒன்றை எழுதினார். மதிலுக்குள் அடைப்பதொன்றே வைத்தியமாகாது, வெளிநோயாளராக வந்து மருந்து பெற்றுச் செல்ல வழிவேண்டும் என்னும் கருத்து அதன்பின் இங்கு வலுப்பெற்றது. பிற்காலத்தில் கொழும்புப் பொது வைத்தியசாலையிலேயே சர்வகலாசாலையின் மனநல விடுதி அமைந்தது. மருதானையிலிருந்து பார்த்தால் இது பெரியதொரு மாற்றம். காய்ச்சலுக்கும் கண்ணோய்க்கும் செல்லும் அதே வாயிலால் மனநோய்க்கும் செல்லலாம் என்பது எளிய செய்தியாகத் தோன்றலாம். எனினும், அயலவர் கண்ணுக்கு அஞ்சும் தாய் ஒருத்திக்கு அவ்வாயில் எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்லிமுடியாது. அங்கொடை வைத்தியசாலையும் 2008 இல் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றது.

மதில்கள் தளர்ந்தமைக்கு அறவுணர்ச்சி மாத்திரம் காரணமன்று, மருந்துகளும் காரணம். 1949 இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்பார் லிதியத்தின் பயனைக் கண்டார். 1952 இல் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள் குளோர்புரோமசினை உளமாய நோயாளருக்கு வழங்கிப் பெரும்பயன் கண்டனர். இவற்றுக்கு முன்னரே, 1931 இல், கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், ஆயுள்வேதத்தில் வழங்கிய சர்ப்பகந்தா வேரானது உன்மத்தத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உதவும் என்று ஆராய்ந்து எழுதினர். மேனாட்டார் அவ்வேரிலிருந்து 1952 இல் ரெசெர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து மனநோய்க்கும் பயன்படுத்தினர். பிற்காலத்தில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நாட்டு மருந்து என்றவுடன் முகஞ்சுழிப்போரும், நாட்டு மருந்து என்றவுடன் கைகூப்புவோரும் இவ்வரலாற்றை ஒருமுறை படித்தல் வேண்டும். அவ்வேரின் மதிப்பு அதன் பழமையினாலன்று, அளந்து பார்த்த இருவரது உழைப்பினாலேயே உலகுக்குத் தெரிந்தது.

கோயிலுக்கும் மந்திரவாதிக்கும் செல்லும் வழக்கத்தைப் பற்றி என் கூறுவது? பேய் பிடித்தது, செய்வினை செய்தனர் என்று நூல் கட்டுதலும் கழிப்புக் கழித்தலும் நம்மவரிடையே உண்டு. சிங்கள மக்களின் தொவில் சடங்கிலே வரும் பதினெண் சன்னிகளுள் பித்துக்கெனவே ஒரு சன்னி உண்டு. படித்தோர் இவற்றை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். உண்மை அவ்வளவு எளிதன்று. நான்சி வக்ஸ்லர் என்னும் அறிஞர் இலங்கையிலே உளப்பிளவை நோயாளரை ஐந்தாண்டு கழித்து மீண்டும் கண்டாராய்ந்து, 1979 இல் முடிவுகளை வெளியிட்டார். செல்வ நாடுகளின் நோயாளரைக் காட்டிலும் இங்குள்ளோர் நன்கு தேறியிருந்தனர் என்று அவர் கண்டார். நோய் புறத்தேயிருந்து வந்தது, ஆதலின் அது நீங்கிவிடும் என்று வீட்டாரும் அயலாரும் நம்பித் தேறியவனைப் பழையபடி வேலைக்கும் விழாவுக்கும் சேர்த்துக்கொண்டமையே அவர் கூறிய காரணம். இவ்வாறான முடிவுகள் எல்லா ஏழை நாடுகளுக்கும் பொருந்துமா என்று பிற்காலத்தார் கேள்வியெழுப்பியுள்ளனர். சென்னை அறிஞர் தாராவும் அவ்வாறு எழுப்பியோருள் ஒருவர். எனினும் வக்ஸ்லர் கூறிய காரணம் கருத்திற் கொள்ளத்தக்கதே.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு செய்திகளை அருகருகே வைத்து நோக்குவோம். முத்துசாமி என்னும் ஒருவரது சமாதியின்மேல் எழுந்த கோயிலொன்றிலே தங்கிய 31 நோயாளரைப் பெங்களூர் மனநல நிறுவனத்து வைத்தியர்கள் ஆராய்ந்து 2002 இல் எழுதினர். அங்கே மாந்திரீகச் சடங்கு இல்லை. காலை வழிபாடு, கோயிலைக் கூட்டல், செடிகளுக்கு நீரூற்றல், உடன்வந்த உறவினரின் துணை, இவ்வளவே. சில வாரங்களில் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அவ்வாராய்ச்சி வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், 2001 ஓகஸ்ட் 6 ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே, தர்காவை நாடி வந்தோரைத் தங்கவைத்த தனியார் இல்லமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் கட்டப்பட்டிருந்தமையால் ஓடமாட்டாது 28 பேர் மாண்டனர். வழிபாட்டிடம் நன்மை செய்ததா தீமை செய்ததா என்று கேட்பதில் பொருளில்லை. முன்னையதில் உறவினர் உடனிருந்தனர். பின்னையதில் சங்கிலி இருந்தது.

பெயர்களைப் பற்றிப் பேசினோம். பெயரை மாற்றினால் நோய் மாறுமா என்று கேட்பர். நோய் மாறாது, நோயாளியின் நிலை மாறும் என்பதற்கு யப்பான் சான்று. அங்கு உளப்பிளவைக்கு 'மனம் பிளந்த நோய்' என்னும் பொருளுடைய பெயரே நெடுங்காலம் வழங்கிற்று. அப்பெயரின் கொடுமைக்கு அஞ்சி வைத்தியர் பலர் நோய் இன்னது என்பதை நோயாளிக்குச் சொல்லாதே விட்டனர். நோயாளர் குடும்பங்களின் வேண்டுகோளுக்கிணங்க 2002 இல் 'இயைபு குலைந்த நிலை' என்னும் கருத்துப்பட வேறு பெயர் இடப்பட்டது. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுள், தமக்குள்ள நோயின் பெயரை வைத்தியரிடமிருந்து அறிந்துகொண்டோர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. தமிழிலே நாம் வழங்கும் சொற்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பிளவு, சிதைவு, பிறழ்வு. பத்தொன்பது வயது இளைஞனை எதிரே இருத்தி, 'உன் உள்ளம் சிதைந்துள்ளது' என்று கூறும் வைத்தியரின் நா எவ்வாறு எழும்? 1936 இல் சென்னையிலே கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குச் சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கிய காலத்தில், சொல்லின் திட்பமே பெரிதும் வேண்டப்பட்டது. இத்துறையிலோ சொல்லைக் கேட்பவன் நோயாளியே. திட்பத்தோடு இரக்கமும் இருத்தல் வேண்டும்.

இத்துணையும் கூறியபின் தற்கொலையைப் பற்றி ஒரு சொல் கூறாது விடுதல் தகாது. 1995 இல் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் இவ்வாறு மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அஃது ஒன்று. அவ்வாண்டு தொடங்கிக் கொடிய பூச்சிகொல்லி நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அதன்பின் இருபது ஆண்டுகளில் அவ்வளவு எழுபது சதவீதம்வரை தாழ்ந்தது. கையெட்டும் தூரத்தில் நஞ்சுப்போத்தல் இல்லாவிடின், அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிடும். கழிந்தபின் மனிதன் பெரும்பாலும் வாழவே விரும்புவான் என்பதை இதனால் அறிகின்றோம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவும் 1998 இல் நீக்கப்பட்டது. சகமாணவன் ஒருவன் இவ்வாறு பேசக் கேட்டால், 'அப்படியொரு எண்ணம் உனக்கு உண்டா?' என்று வெளிப்படையாகக் கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டபின் அவனைத் தனியே விடாது பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 1974 இல் தோன்றிய சுமித்ரயோவும், 1926 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய மனநல நிறுவகமும் இதற்கென உள்ளன.

இறுதியாக, தமிழ் மாணவர்க்கே உரிய ஒரு வேலை உண்டு. இருதய நோயை அறியக் கருவி உண்டு; இரத்தத்தைச் சோதிக்கலாம். உளநோயை அறியக் கருவி நோயாளியின் பேச்சு ஒன்றே. கொழும்பிலே தமிழ் நோயாளி ஒருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வைத்தியரிடம் தம் மனத்தைக் கூறவேண்டி நேர்வது வழக்கம். துணைக்கு வந்த மகனே மொழிபெயர்ப்பான். மகன் முன்னிலையில் தாய் சொல்லாது விடுவன பல; மகன் நாணி மாற்றிச் சொல்வன பல. இவ்விரண்டுக்கும் அப்பால், மொழிபெயர்க்கவே இயலாதனவும் உள. போரின் வடுக்களை ஆராய்ந்து 1993 இல் 'மனவடு' என்னும் நூலைத் தமிழில் எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், யாழ்ப்பாணத்தார் துயரத்தை உடம்பின் வழியாகவே வெளியிடுவதை எடுத்துக்காட்டினார். பெருமூச்சு என்பது எமக்கு ஒரு மூச்சுமாத்திரமன்று. அது ஒரு முறையீடு. அதனைக் கேட்டு நெஞ்சுச் சளிக்கு மருந்தெழுதும் வைத்தியரைக் குறைகூற முடியாது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மருதானையிலும் வாழும் தமிழ்மக்கள் ஓரூரார் அல்லர். யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலைநாட்டார், இந்திய வணிகர் வழியினர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் என அவர்தம் பேச்சு வேறுவேறு. 'நெஞ்சு பதறுது', 'ஈரல் கருகுது', 'உடம்பெல்லாம் எரியுது', 'மனசு சரியில்லை', 'ஒன்றிலும் மனம் பற்றவில்லை' என்பவற்றுள் எது அச்சம், எது சோர்வு, எது வெறுங் களைப்பு என்பதை அகராதி கூறாது. கல்லூரித் தமிழ்மன்றத்தார் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, தத்தம் வீட்டுப் பெரியோர் வாயிற் கேட்ட இவ்வகைச் சொற்களை, சொன்னவர் பெயரை விடுத்து, ஊரும் வயதும் அவர் கருதிய பொருளும் குறித்துத் தொகுக்கலாம். ஓராண்டில் முந்நூறு சொற்கள் சேரும் என்று எதிர்பார்க்கின்றோம். பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்கள் அதனைப் பார்வையிட்டுத் திருத்தி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதித் தந்தால், மனநலச் சிகிச்சை நிலையங்களுக்கு அச்சிட்டு அளிக்கலாம். முதற் சொல்லாக 'யோசனை' என்பதை எழுதலாம். நூற்றமிழில் அதன் பொருள் சிந்தனை. 'ஒரே யோசனையாக இருக்கு' என்று யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் கூறும்போது, சிந்தனை என்று எவரேனும் மொழிபெயர்த்தால், அவர் மூன்று மாதமாக உறங்கவில்லை என்பது வைத்தியருக்குத் தெரியாமலே போய்விடும்.